உம்மா ஏன் ஆறால் பிரிக்கிறார்?

“வீட்டில் பிள்ளைக்கு என்ன படிப்பிக்கிறீர்கள்?” என்று எங்கள் ஊர்த் தாய்மாரிடம் கேட்டுப் பாருங்கள். “நான் என்னத்தப் படிப்பிக்கிற? அவன் ரியூஷனுக்குப் போறான்தானே” என்ற மறுமொழிதான் பெரும்பாலும் வரும். அப்படிச் சொன்ன கையோடு அந்தத் தாய் மூன்று சுண்டு அரிசியை ஏழு பேருக்குக் கணக்காகப் போடுவார். கடைக் கொப்பியில் இருக்கும் கடனை மனதாலேயே கூட்டுவார். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மருந்து கொடுக்க வேண்டிய நேரத்தைக் கணித்து, இரவில் எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும் என்று சொல்வார். இவற்றில் எதுவும் படிப்பு என்று அவருக்குத் தோன்றுவதில்லை. பக்கத்திலிருந்து பார்க்கும் எங்களுக்கும் தோன்றுவதில்லை.

வீட்டுக் கல்வி என்றவுடன், பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்துப் படிப்பிப்பது என்று சிலர் எண்ணக்கூடும். நான் அதைச் சொல்ல வரவில்லை. எமது நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது சட்டம். வீட்டில் எப்படியும் நடக்கப்போகும் சமையல், தையல், கடைச் சாமான், மின்பட்டியல் போன்ற வேலைகளுக்குள் ஒளிந்திருக்கும் கணிதமும் விஞ்ஞானமும் மொழியும் பிள்ளையின் கண்ணில் படுவதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதே எனது விடயம். நான் ஆசிரியை அல்ல. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி, ஒரு தம்பிக்கு ராத்தா. அந்தத் தம்பியினால்தான் இவற்றை யோசிக்க நேர்ந்தது.

தம்பி 2020 சனவரியில் தரம் ஒன்றில் சேர்ந்தான். சீருடை பழசாகுமுன்னே, மார்ச் மாதத்தில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டன. அகரம் எழுதிப் பழக வேண்டிய காலத்தில் வாப்பாவின் ஒரேயொரு கைத்தொலைபேசியில் வரும் பாடப் படங்களை நாங்கள் மூன்று பேரும் முறை வைத்துப் பார்த்தோம். சின்னவனுக்குக் கடைசி முறை. அதற்குள் பற்றரி இறங்கிவிடும். பிறகு பாடசாலை திறப்பதும் மூடுவதுமாக இருந்து, 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடும் நீண்ட மின்வெட்டும் வந்தன. தரம் மூன்றில் அவன் பெருக்கல் வாய்பாட்டைப் பாட்டுப் போலப் பன்னிரண்டு வரை ஒப்புவிப்பான். “ஏழு பேருக்கு ஆளுக்கு மூன்று பேரீச்சம்பழம் வை” என்றால் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பான். மூவேழு இருபத்தொன்றுக்கும் தட்டில் இருக்கும் பழத்துக்கும் உறவு உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது. அவனை இன்னொரு மேலதிக வகுப்புக்கு அனுப்ப வாப்பாவின் சின்னப் பலசரக்குக் கடை அந்த வருடம் இடங்கொடுக்கவில்லை.

அந்த வருடத்தில்தான் அவன் ஒருநாள் வாப்பாவோடு எரிவாயு வரிசையில் நின்றான். வந்து நின்ற லொறியில் சிலிண்டர்கள் எத்தனை அடுக்கு, ஓர் அடுக்கில் எத்தனை என்று எண்ணினான். வரிசையில் தங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று நடந்து போய் எண்ணிவிட்டு வந்தான். “வாப்பா, எங்களுக்கு வராது” என்று அந்த வரிசையிலேயே முதலில் சொன்னவன் அவன்தான். சொன்னபடியே லொறி வெறுமையானது. வாப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது உம்மா நம்பவில்லை. பெருக்கலும் கழித்தலும் அவனுக்கு வராது என்றுதானே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம்! தெரிந்தேயாக வேண்டிய ஒரு கேள்வி முன்னால் நின்றபோது கணக்கு தானாக வந்துவிட்டது.

இனி உம்மாவின் கதைக்கு வருகிறேன். எங்கள் உம்மா தைப்பவர். பெருநாள் காலத்தில் எங்கள் வீட்டு விறாந்தை முழுக்கத் துணித்துண்டுகளாகக் கிடக்கும். படிப்பு என்ற பேச்சு வந்தால், “நான் எட்டாம் வகுப்போட நிண்டவள் புள்ள, எனக்கு என்ன தெரியும்?” என்பார். அவர் குடைப்பாவாடை வெட்டும் முறை இது: துணியை நாலாக மடிப்பார். இடுப்பு அளவை ஆறால் பிரித்து, அதில் கால் அங்குலம் குறைப்பார். மடித்த மூலையிலிருந்து அந்த அளவுக்கு அங்குல நாடாவைப் பிடித்து, மூலையைச் சுற்றிச் சோக்கால் புள்ளி புள்ளியாக வைத்து வளைவு போட்டு வெட்டுவார். விரித்தால் நடுவில் வட்டமான ஓட்டை. இடுப்பில் சரியாக நிற்கும். 24 அங்குல இடுப்பென்றால் 24ஐ ஆறால் பிரிக்க 4, கால் குறைக்க மூன்றே முக்கால்.

தரம் நாலில் இருந்த தம்பி பக்கத்தில் குந்தியிருந்து கேட்டான், “ஏன் உம்மா ஆறு? ஏன் அஞ்சு இல்ல?” உம்மாவிடம் மறுமொழி இல்லை. “எங்கட உம்மா அப்பிடித்தான் வெட்டுற” என்றார். அப்படியே போயிருக்கும் அந்தக் கேள்வி. அன்று விடுமுறை நாள், தையல் நூலும் கையில் இருந்தது. வீட்டில் வட்டமாக இருந்த சாமான்களையெல்லாம் கொண்டுவரச் சொன்னேன். தேநீர்க் கோப்பையின் தட்டு, சஹன், மா ரின்னின் மூடி. நூலால் ஒவ்வொன்றையும் சுற்றி அளந்தான், பிறகு குறுக்கே அளந்தான். கோப்பைத் தட்டு சுற்றிவர 44 சென்ரிமீற்றர், குறுக்கே 14. சஹன் 155, குறுக்கே 49. ரின் மூடி 27, குறுக்கே எட்டரை. சுற்றளவைக் குறுக்களவால் பிரிக்கத் தொலைபேசியிலுள்ள கணிப்பானைக் கொடுத்தேன். 3.14, 3.16, 3.18. “எல்லாம் மூணும் கொஞ்சமும்!” என்று கத்தினான். பெரிய சஹனுக்கும் அதுதான், சின்ன மூடிக்கும் அதுதான் என்பதை அவனால் நம்ப முடியவில்லை. எட்டாவது சாமானாகத் தண்ணீர்ப் பீப்பாயைச் சுற்றப் போனபோது நூல் போதாமல் நின்றான்.

அந்த மூன்றும் கொஞ்சமும்தான் நாங்கள் ‘பை’ என்று படிக்கிறோம். குறுக்களவு விட்டம், அதன் பாதி ஆரை. விட்டத்தைப் போல் மூன்று மடங்கும் கொஞ்சமும் என்றால், ஆரையைப் போல் ஆறு மடங்கும் கொஞ்சமும். உம்மா மூலையிலிருந்து பிடிப்பது ஆரை. ஆகவே இடுப்பளவை ஆறும் கொஞ்சத்தாலும், அதாவது 6.28 ஆல் பிரிக்க வேண்டும். 24 அங்குலத்துக்கு அது 3.82 அங்குலம். உம்மாவின் கணக்கு 3.75. வித்தியாசம் ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! ஆறால் பிரிப்பதனால் கூடிவிடும் அளவைத்தான் அந்தக் கால் அங்குலம் சரிக்கட்டுகிறது. தையலுக்குச் சற்று இடமும் விடுகிறது. குறைத்து வெட்டுவதற்கு உம்மா சொன்ன காரணம் இன்னும் நன்றாக இருந்தது. “குறைஞ்சா இன்னம் கொஞ்சம் வெட்டலாம். கூடினா ஒட்ட ஏலுமா?”

ஆறு ஏன் வருகிறது என்பதை ஒரு கவராயம் இருந்தால் இன்னும் எளிதாகக் காட்டலாம். வட்டம் கீறிய அதே அகலத்தில் கவராயத்தை வைத்து, வட்டத்தின் விளிம்பில் குத்திக் குத்திப் போனால் சரியாக ஆறாவது குத்தில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். ஆறு இதழ்ப் பூ வரையும் எல்லாப் பிள்ளைக்கும் இது கைவந்தது. குத்துகளை நேர்கோட்டால் இணைத்தால் அறுகோணம் வரும். அதன் சுற்று, ஆரையைப் போல் சரியாக ஆறு மடங்கு. வட்டமோ அந்த நேர்கோடுகளுக்கு வெளியே வளைந்து போகிறது. எனவே அதன் பரிதி ஆறு மடங்கைவிடச் சற்றுக் கூட. அந்தச் ‘சற்றுக் கூட’வைத்தான் எங்கள் மூத்தம்மாவும் அவருக்கு முந்தியவர்களும் கால் அங்குலத்தால் சமாளித்திருக்கிறார்கள்.

நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் தம்பி மட்டுமல்ல. இந்தக் கணக்கை உம்மாவுக்கு விளங்கப்படுத்தியபோது அவர் சற்று நேரம் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு இருந்தார். பிறகு, “அப்ப நான் செய்யிறது கணக்கா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் எங்களிடம் தனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னதில்லை. தம்பியும் சந்தேகம் வந்தால் முதலில் உம்மாவிடம்தான் போகிறான். கல்லூரி மலரில் இதை எழுதுவதற்கு என்னைத் தூண்டியதும் இதுதான். இம்மலரை வாசிக்கும் தாய்மாரில் எத்தனையோ பேர் எட்டோடும் பத்தோடும் நின்றவர்கள். தமக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை என்று எண்ணி, பிள்ளையின் கொப்பியைத் திறந்து பார்க்கக்கூடக் கூச்சப்படுகிறவர்கள்.

எப்படித் தொடங்குவது? எனது அனுபவத்தில் ஒரு பழக்கம் போதும். கை வேலையைச் செய்வதற்கு முன் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டு, அவன் சொல்லும் மதிப்பைக் கேட்டுக்கொள்ள வேண்டும். “இந்தத் தேங்காயில் எத்தனை கப் பால் வரும்?” “இந்தப் பாத்திரத்துச் சோறு அந்தச் சட்டிக்குள் அடங்குமா?” முதலில் ஊகம், பிறகு வேலை, பிறகு பார்ப்பது. வேலை முடிந்த பிறகு கேட்டால் அது பரீட்சையாகிவிடும், பிள்ளை ஓடிவிடுவான். ஊகம் பிழைத்தால் திருத்த வேண்டியதில்லை. சட்டி நிரம்பி வழிவதை அவனே பார்க்கிறானே.

எங்கள் வீட்டில் அதிகம் சிரித்தும் அதிகம் படித்தும் செய்த வேலை மின்மானியைப் பார்த்ததுதான். இப்போதைய இலத்திரனியல் மானிகளில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் மானியில் 1600. அந்த விளக்கு 1600 தடவை மின்னினால் ஓர் அலகு முடிந்தது என்று அர்த்தம். ஓர் அலகு என்பது 1000 வாற்றுச் சாமான் ஒன்று ஒரு மணித்தியாலம் ஓடுவது. (உங்கள் மானியில் எண் வேறாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். பார்ப்பது மட்டும்தான், பெட்டியைத் திறக்கவோ தொடவோ பிள்ளைகளை விடக் கூடாது.)

ஒரு மஃரிபுக்குப் பிறகு வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தோம். குளிர்சாதனப் பெட்டியையும் சற்று நேரம் நிறுத்தினோம். 9 வாற்று மின்குமிழ் ஒன்று மட்டும் எரிந்தது. தம்பி மானிக்கு முன்னால் கடிகாரத்தோடு நின்றான். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு போயிற்று, விளக்கு மின்னவில்லை. “மானி செத்துப் போச்சு” என்றான். நாலு நிமிடம் கழிந்துதான் ஒரு தடவை மின்னியது. பிறகு 1500 வாற்றுக் கேத்தலைப் போட்டோம். டக், டக், டக் என்று நிமிடத்துக்கு நாற்பது தடவை. அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிறகு 1000 வாற்று அயன் பெட்டி. ஏறக்குறைய இரண்டு செக்கனுக்கு ஒரு மின்னல். திடீரென்று மின்னுவது நின்றுபோயிற்று. ஒருவரும் அயனைத் தொடவில்லை. சற்று நேரத்தில் மறுபடியும் மின்னத் தொடங்கியது. அயன் போதிய அளவு சூடானதும் தானே மின்னை நிறுத்தி, ஆறியதும் தானே வாங்கிக்கொள்கிறது என்பதை அவன் எந்தப் புத்தகமும் இல்லாமல் அன்று கண்டுபிடித்தான். குளிர்சாதனப் பெட்டியும் அப்படியா என்பது அவனுடைய அடுத்த கேள்வி. அப்படித்தான்.

வீட்டில் நாங்கள் சண்டை போடுவதெல்லாம் மின்குமிழை அணைக்கவில்லை என்பதற்காக. அந்தக் குமிழ் இரவு முழுக்கப் பத்து மணித்தியாலம் எரிந்தாலும் ஓர் அலகின் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. நாங்களோ ஒவ்வொரு நாள் காலையிலும் மூன்று பேரின் வெள்ளைச் சீருடைக்காக அயனைத் தனித்தனியே சூடேற்றி ஆறவிட்டுக்கொண்டிருந்தோம். வீட்டுப் பாவனைக்கான மின்கட்டணம் படிப்படியாகக் கணக்கிடப்படுகிறது. மாதத்துக்கு 90 அலகைத் தாண்டினால் தாண்டிய அலகுகளின் விலையும் கூடும், நிலையான கட்டணமும் கூடும். எங்கள் பட்டியல் 94, 95 என்று அந்த எல்லையைத் தாண்டியே வரும். கிழமைக்கு ஒருமுறை எல்லா உடுப்பையும் சேர்த்து அயன் பண்ணுவது என்று தீர்மானித்தோம். தம்பி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மானியைப் பார்த்துக் கொப்பியில் எழுதி, முந்திய கிழமையைக் கழித்துச் சொன்னான். அடுத்த மாதம் 87. வாப்பா அந்தப் பட்டியலைக் கடையில் ஒட்டி வைத்துவிட்டார். கழித்தல் கணக்குக்கு இப்படியொரு பரிசு எந்த வகுப்பிலும் கிடைத்திருக்காது.

குசினியைப் பற்றி நிறைய எழுதலாம், இரண்டு மட்டும் சொல்கிறேன். மூத்தம்மாவுக்கு இன்றும் கணக்கு சுண்டிலும் கொத்திலும்தான். நாலு சுண்டு ஒரு கொத்து. கடையிலோ கிராம். ஒரு சுண்டு அரிசியையும் ஒரு சுண்டு கோதுமை மாவையும் வாப்பாவின் தராசில் வைத்தோம். இரண்டும் ஒரே பேணி, ஆகவே ஒரே பாரம் என்று தம்பி அடித்துச் சொன்னான். அரிசி 240 கிராம், மா 150. பேணியை நிரப்பும் இடம் வேறு, தராசு காட்டும் பாரம் வேறு என்பது அங்கே விளங்கியது. அடர்த்தி என்ற சொல்லை அவன் பின்னால் படித்துக்கொள்ளட்டும். மற்றது அப்ப மா. ஊரில் கள் விட்டுப் புளிக்க வைப்போரும் உண்டு. எங்கள் வீடுகளில் ஈஸ்ட் போடுகிறோம், பாடப் புத்தகத்தில் அதற்கு மதுவம் என்று பெயர். மூன்று கிளாசில் சீனித் தண்ணீர் எடுத்தோம். ஒன்று ஐஸ் தண்ணீர், ஒன்று இளஞ்சூடு, ஒன்று கொதித்தது. மூன்றிலும் ஈஸ்ட் போட்டோம். கால் மணித்தியாலத்தில் இளஞ்சூட்டில் மட்டும் நுரை பொங்கியது. அது மதுவம் சீனியைத் தின்று வெளியேற்றிய காபனீரொட்சைட்டு. கொதித்த தண்ணீரில் மதுவம் செத்துவிட்டது. ஐஸ் தண்ணீரில் அது சாகவில்லை, தூங்குகிறது. வெயிலில் வைத்தபோது அதுவும் பொங்கியது. அவசரத்தில் சுடுதண்ணீர் விட்டு மாவைக் கெடுத்துக்கொள்ளும் மாமிமாருக்கும் இது உதவும்.

இடையில் ஒன்று. குசினிப் பாடம் என்றால் பெண் பிள்ளைக்கு மட்டும் என்று எண்ணும் வீடுகள் எங்களுக்குள் குறைவில்லை. மகளைக் கூப்பிட்டுத் தேங்காய் திருவச் சொல்வோம், மகன் தொலைபேசியோடு இருப்பான். அவன் இழப்பது திருவிய தேங்காயை மட்டுமல்ல, அளவையும் வெப்பத்தையும் நேரத்தையும் கையால் படிக்கும் வாய்ப்பை. இந்த விடயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதேபோல மகளை மானிக்கும் தராசுக்கும் முன்னால் நிறுத்துங்கள்.

மொழிக்கு எங்கள் வீட்டில் இரண்டு வழிகள் வாய்த்தன. ஒன்று சவர்க்காரக் கவரும் பிஸ்கட் பக்கற்றும். நமது நாட்டுப் பக்கற்றுகளில் பெரும்பாலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். ஒரே செய்தி மூன்று எழுத்தில். தம்பி சிங்கள எழுத்துகளில் பாதியைக் கடையில் சாமான் அடுக்கும்போதே பிடித்துக்கொண்டான்.

மற்றது மூத்தம்மா. அவர் பாடசாலையில் அதிகம் இருக்கவில்லை. தமிழில் பெயரை மட்டும் மெதுவாக எழுதுவார். ஆனால் அவருடைய அலுமாரியில் ஒரு பழைய அறபுத்தமிழ்க் கிதாபு இருக்கிறது. அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சரளமாக வாசிப்பார். எழுத்து அறபு, மொழி தமிழ். அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அறபு எழுத்துகளோடு புள்ளிகளும் குறிகளும் சேர்த்து எங்கள் முன்னோர் புதிய எழுத்துகள் அமைத்துக்கொண்டார்கள். பாடசாலையை எட்டிப் பார்க்காத எத்தனையோ பெண்கள் அதைக் கொண்டுதான் வாசித்தார்கள். தம்பிக்கு மத்ரஸாவில் அறபு எழுத்துத் தெரியும். ஒருநாள் மூத்தம்மாவின் விரல் போன வழியே எழுத்துக் கூட்டி வாசித்தவன், திடீரென்று நிறுத்தி, “இது தமிழ்!” என்றான். தமிழ்ப் புத்தகத்தைக் கண்டால் ஒளிந்துகொண்டிருந்த பிள்ளை அவன். மூத்தம்மாவோடு இருந்து வாசிக்கக் கூப்பிட்டால் வருவான். காரணம், அந்தப் புத்தகத்தில் வகுப்பில் எல்லோரையும்விடப் பின்தங்கியவன் என்று ஒருவரும் இல்லை. அவனும் மூத்தம்மாவும்தான்.

மூத்தம்மாவின் ஞாபகம் ஒரு கணக்குப் புத்தகம். “உங்க சாச்சிட கலியாணம் நோன்புப் பெருநாள் கழிஞ்ச கிழமை, சரியான மாரி மழை” என்பார். வருடம் தெரியாது. 2024 இல் பெருநாள் ஏப்ரல் மாதம் வந்தது. ஹிஜ்ரி வருடம் ஏறத்தாழ 354 நாள். ஆகவே பெருநாள் வருடத்துக்கு ஏறக்குறைய 11 நாள் முந்தி வருகிறது. பழைய வருடங்களை நோக்கிப் போனால் 11 நாள் பிந்திக்கொண்டு போகும். ஏப்ரலிலிருந்து டிசம்பர் கடைசிக்குப் போக ஏறக்குறைய 264 நாள். 264 ஐ 11 ஆல் பிரித்தான், 24 வந்தது. 2024 இலிருந்து 24 போனால் 2000. 2000 ஆம் ஆண்டு டிசம்பர் கடைசியில் பெருநாள் என்றால் அடுத்த கிழமை 2001 சனவரி. சாச்சிக்குக் கோல் எடுத்துக் கேட்டோம். பதிவுச் சான்றிதழில் 2001 சனவரி! 66 வயது மூத்தம்மாவுக்கு ஹிஜ்ரிக் கணக்கில் 68 வயது என்பதையும் அவனே கணித்துச் சொல்லி, அவரிடம் செல்லமாக ஓர் அடியும் வாங்கினான்.

எச்சரிக்கையாக ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டும். தெரிந்த ஒரு வீட்டில், இப்படி ஏதோ கேள்விப்பட்டு, சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு பராட்டாவுக்கும் ஒரு பின்னக் கணக்குக் கேட்கத் தொடங்கினார்கள். பிள்ளை பராட்டா வேண்டாம் என்று எழும்பிவிட்டது. சோறு சோறாகவும் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கிழமைக்கு ஒரு நல்ல கேள்வி வந்தால் அதுவே அதிகம். சில கிழமைகளில் ஒன்றும் வராது. உயர்தரம் படிக்கும் தோழியருக்கும் ஒன்று. தம்பி தங்கையின் முன் எமக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்ட ஆசை வரும். ‘நொதியம்’ என்றும் ‘அடர்த்தி’ என்றும் பெயரை முதலில் சொல்லிவிட்டால் பிள்ளை பெயரைப் பாடமாக்கிக்கொண்டு பார்ப்பதை நிறுத்திவிடும்.

தரம் ஐந்து புலமைப்பரிசில் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் கேட்காமல் இருப்பார்களா? தம்பி வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. சொந்தக்காரர் சிலர் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பந்தி வாசிக்க அழுத பிள்ளை, இரண்டு வினாத்தாளையும் முழுவதும் வாசித்து, முழுவதும் எழுதிவிட்டு வந்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. வாப்பா அன்று அவனை மோட்டார் சைக்கிளில் கடற்கரைக்குக் கூட்டிப் போய் ஐஸ் கிறீம் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது அவனுக்கு மழைப் பைத்தியம். சென்ற மாரியில் நேரான பக்கங்களுள்ள ஒரு போத்தலின் மேல்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் போலக் கவிழ்த்து, முற்றத்தில் மரம் மறைக்காத இடத்தில் கல் அணைத்து வைத்தான். அடியில் வளைவாக இருந்த பாகத்தை நிரப்பிச் சமப்படுத்திய பிறகே அளவுகோலை ஒட்டினான். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லீற்றர் தண்ணீர். ஓர் இரவு 42 மில்லிமீற்றர் பெய்தது. எங்கள் குசினிப் பக்கக் கூரை 6 மீற்றருக்கு 5 மீற்றர், 30 சதுர மீற்றர். 1260 லீற்றர். 200 லீற்றர்ப் பீப்பாயில் ஆறு நிறைந்து ஏழாவதில் 60 லீற்றர் என்று கரித்துண்டால் சுவரில் எழுதி வைத்தான். சிறுபோகக் காலத்தில் கிணற்றில் நீர் இறங்கி, உம்மா குடத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. உம்மா சுவரில் இருந்த கணக்கை ஒருமுறை பார்த்தார். “ஒரு பீலி அடிக்க என்ன செலவாகும் எண்டு கேளுங்க” என்று வாப்பாவிடம் சொன்னார். தகரம் எத்தனை அடி வேண்டும் என்று கூரையின் ஓரத்தைத் தம்பி இப்போது அளந்துகொண்டிருக்கிறான், உம்மாவின் அங்குல நாடாவால்.